மெக்சிகோக் கோயில் சிற்பப் படத்தைக் கூடத்தில் மாட்டலாமா?

பாளையங்கோட்டை வாசகர்:
பழைய வீட்டைப் புதுப்பித்த கையோடு, கூடத்தில் மாட்டுவதற்குச் சட்டமிட்ட இரண்டு படங்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, ‘மாயன் நாட்காட்டி’ என்ற பெயரில் விற்கப்படும் வட்டக் கல். மற்றொன்று, தீவட்டி ஏந்திய அரசனின் முன் ஒரு பெண் மண்டியிட்டிருக்கும் மாயன் சிற்பம். என் தாயார் அதைப் பக்திப் படமென்றே கொண்டு, பூஜை அறைக்கு அருகில் மாட்டச் சொல்கிறார். எதை வாங்கலாம்? ஐப்பசி மழைக்கு எங்கள் வெளிச்சுவரில் ஓதம் ஏறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சிற்ப ஆர்வலர்:
அந்த வட்டக் கல், மெக்சிகோவின் தென்பகுதியிலும் அதை அடுத்த நாடுகளிலும் வாழ்ந்த பழங்குடியினரான மாயர்களுடையதே அன்று. அது 1790 டிசம்பரில் மெக்சிகோ நகரின் நடுச் சதுக்கத்தில் கிடைத்த, மூன்றரை மீட்டருக்கும் மேல் விட்டமுள்ள, அஸ்டெக் என்ற வேறோர் இனத்தாரின் சூரியக் கல்; நடுமுகத்தைச் சுற்றி இருபது நாட்குறிகள் வருவதால் நாட்காட்டி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதை மாயர்களுடையது என்பது, பாண்டியர் செதுக்கிய கழுகுமலை வெட்டுவான் கோயிலைச் சோழர் பணி என்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, மெக்சிகோவில் உள்ள யாஷ்சிலான் என்ற பழைய மாயர் நகரத்துச் சுண்ணாம்புக்கல் உத்தரம், அதாவது வாசலின் மேல் கிடத்தும் கல். இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பெண் அரசி. தன் நாவைத் துளைத்து, முள் கோத்த கயிற்றை அதன் வழியே இழுத்துக் குருதி சிந்துகிறாள். சடங்கு நடந்த ஆண்டாக அதிலுள்ள எழுத்துகள் தருவது நம் கணக்கில் கி.பி. 709. பக்திதான், ஆனால் தங்கள் தாயாரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. என்னைக் கேட்டால் இதையே வாங்குவேன். நம் கிருஷ்ணாபுரத்துக் கோயில் தூண்களில் உருவங்கள் கல்லை விட்டு வெளியே வந்து நிற்பதால், எந்தப் படமும் அவற்றைத் தட்டையாக்கிவிடும். இதுவோ கோட்டோவியம் போன்ற ஆழமில்லாத புடைப்பு, ஆகவே சட்டத்துக்குள் அடங்கும். வண்ணம் பூசிய பிரதியையும் ஒதுக்க வேண்டாம். மூலக் கல்லிலேயே சிவப்பும் நீலமும் இருந்த தடயம் உண்டு.

பிரேம் கடைக்காரர்:
அண்ணாச்சி, ஓதமுள்ள வெளிச்சுவரைத் தவிர்த்து உள்சுவரிலேயே மாட்டுங்கள். சட்டத்தின் பின்புறம் கீழ்மூலைகளில் சிறு தக்கைகளை ஒட்டினால் காற்றோட்டம் கிடைக்கும். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் மவுண்ட் அட்டை இல்லாவிட்டால், ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். படத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கத்தில் விளக்கை வையுங்கள். மாறிவிட்டால் புடைப்பு குழியாகத் தெரியும்.

பாளையங்கோட்டை வாசகர்:
இருவருக்கும் நன்றி. உத்தரக்கல் படத்தையே வாங்குகிறேன். கயிற்றின் செய்தியைக் கேட்ட தாயார், பூஜை அறைப் பக்கம் வேண்டாம், என் எழுதும் அறையில் மாட்டிக்கொள் என்று முடித்துவிட்டார்.

சிற்ப ஆர்வலர்:
அந்த அறையில் வாசல் நிலைக்கு மேலே இடமிருந்தால் அங்கே மாட்டுங்கள். மூலக் கல்லும் வாசலுக்கு மேலேதான் இருந்தது. சிற்பம் அதன் அடிப்பக்கத்தில் இருந்ததால், உள்ளே நுழைபவர் அண்ணாந்துதான் பார்த்திருக்க வேண்டும்.