ஜெர்மனி வாடகை வீட்டில் ஜன்னல் சென்சார்: குளிர்காலம் தொடங்கும் முன் ஒரு வார்த்தை

புதிதாக வந்திருக்கும் பலர் கேட்பது ஒன்றுதான்: "கதவு, ஜன்னலுக்கு வயர்லெஸ் சென்சார் வாங்கலாமா, திருட்டுக்கு உதவுமா?" உதவும். ஆனால் ஜெர்மனியில் அந்தச் சின்ன டப்பாவின் முதல் வேலை திருடனைப் பிடிப்பது இல்லை, ஹீட்டரை அடக்குவது.

என் முதல் குளிர்காலக் கதையைச் சொல்லிவிடுகிறேன். தாளிக்கும் வாசனை போகட்டும் என்று சமையலறை ஜன்னலை மேல்பக்கம் மட்டும் சாய்த்து, இங்கே 'கிப்' என்பார்களே அப்படி, காலையிலிருந்து இரவு வரை விட்டிருந்தோம். ஜன்னலுக்கு நேர் கீழே ஹீட்டர். அதன் சாதாரண தெர்மோஸ்டாட் தலைக்குள் இருக்கும் திரவமோ மெழுகோ குளிர்ந்தால் சுருங்கும், வால்வு திறக்கும். மேலிருந்து குளிர்காற்று விழ விழ, 'அறை உறைகிறது' என்று நினைத்து அது முழுசாகத் திறந்துகொண்டது. அடுத்த வருடம் நெபென்கோஸ்டன், அதாவது வாடகைக்கு மேல் வரும் வெப்பம், தண்ணீர் போன்ற செலவுகளின் கணக்கு வந்தபோதுதான் தெருவைச் சூடாக்கியிருக்கிறோம் என்று புரிந்தது. அடுக்குமாடிகளில் வெப்பச் செலவில் 50 முதல் 70 சதவீதம் வரை அவரவர் பயன்பாட்டின்படிதான் பிரிப்பார்கள், சட்டமே அப்படி. பக்கத்து வீட்டுக்காரர் நம் சாம்பார் வாசனைக்குப் பணம் கட்ட மாட்டார்.

வழி இதுதான். ஜன்னலில் ஒரு சென்சார் (ஒரு பேட்டரித் துண்டு, ஒரு காந்தத் துண்டு; இரண்டும் விலகினால் 'திறந்தது' என்று சொல்லும்), ஹீட்டரில் ரேடியோவில் பேசும் தெர்மோஸ்டாட், இரண்டையும் இணைப்பது. ஜன்னல் திறந்தால் வால்வு தானாக மூடும், சாத்தினால் பழைய வெப்பநிலைக்குத் திரும்பும். தரையடி ஹீட்டிங் உள்ள புது வீடு என்றால் இந்தச் செலவு வேண்டாம். தரை மெதுவாகத்தான் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். பத்து நிமிடக் காற்றுக்கு அது அசைந்துகூடக் கொடுக்காது.

வாங்கும் முன் ஒன்று. ஊரிலிருந்தோ அமெரிக்காவில் இருக்கும் மச்சானிடமிருந்தோ சென்சார் வரவழைக்காதீர்கள். சென்சார்கள் பேசும் வயர்லெஸ் முறைகள் பல. இசட்-வேவ் வகை ஐரோப்பாவில் 868.42 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 908.42, இந்தியாவில் 865.2. ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குக் கேட்காது. ஜிக்பீ 2.4 கிகாஹெர்ட்ஸ், எங்கும் ஒன்றுதான், ஆனால் வைஃபையும் அதே சந்தில்தான் ஓடுகிறது. ஹோம்மேட்டிக் ஐபி என்ற ஜெர்மன் வகை 868 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருப்பதால் சுவர் தாண்டுவதில் கொஞ்சம் தெம்பு அதிகம். வீட்டில் ஏற்கெனவே ஃப்ரிட்ஸ்பாக்ஸ் என்ற இணைய ரூட்டர் இருந்தால் அதோடு நேராகச் சேரும் தெர்மோஸ்டாட்டும் ஜன்னல் சென்சாரும் கிடைக்கின்றன, தனி ஹப், அதாவது எல்லாவற்றையும் இணைக்கும் நடுப்பெட்டி, தேவையில்லை. எனக்குப் பிடித்தது எனோஷன் வகை ஜன்னல் கைப்பிடி. பேட்டரியே கிடையாது, கைப்பிடியைத் திருப்பும் விசையிலேயே ஒரு துளி மின்சாரம் உண்டாக்கி, மூடியது, திறந்தது, சாய்த்தது என்று மூன்றையும் பிரித்துச் சொல்லும். விலைதான் கையைக் கடிக்கும்.

இனி ஒட்டுவது. நான் கோட்டை விட்ட இடம் இதுதான். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று கீழ் மூலையில், கீல் பக்கமாக ஒட்டினேன். இங்குள்ள ஜன்னல் இரண்டு விதமாகத் திறக்கும். கைப்பிடியைப் படுக்கையாக்கினால் நம்மூர்க் கதவு போல, மேல்நோக்கித் திருப்பினால் அடிப்பக்கம் நிலைச் சட்டத்திலேயே நிற்க, மேல்பக்கம் மட்டும் உள்ளே சாயும். கீழே கீல் பக்கம் இரண்டு விதத்திலும் அதிகம் நகராது. அதனால் ஜன்னல் நாள் முழுக்கச் சாய்ந்திருந்தும் செயலி 'மூடியிருக்கிறது' என்றே சாதித்தது. ஒட்ட வேண்டிய இடம் கைப்பிடி இருக்கும் பக்கத்தின் மேல் மூலை. திறந்தாலும் சாய்த்தாலும் அங்கே காந்தம் விலகியே ஆகும்.

பேட்டரி உள்ள துண்டு அசையாத நிலைச் சட்டத்தில், காந்தத் துண்டு அசையும் ஜன்னல் கதவில். இரண்டுக்கும் இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் நிம்மதி. இங்குள்ள பிளாஸ்டிக் ஜன்னலில் கதவு நிலைச் சட்டத்தைவிட உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும், அதனால் இரண்டு துண்டுகளும் ஒரே மட்டத்தில் அமையாது. பெட்டிக்குள் வரும் மெல்லிய பிளாஸ்டிக் அட்டைகள் அதற்குத்தான், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆணி, ஸ்க்ரூ, ட்ரில் எதுவும் வேண்டாம், ஜன்னல் வீட்டுக்காரருடையது. ஒட்டும் இடத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காய்ந்தபின் ஒட்டி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். வெளியே உறைபனி இருக்கும் நாளில் ஒட்டினால் மறுநாள் தரையில் கிடக்கும்.

இணைப்பதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி உண்டு: கியூஆர் ஸ்கேன் செய்வது, பொத்தானை விளக்கு மினுக்கும் வரை அழுத்துவது. கையேட்டில் இருக்கும், அதை விடுகிறேன். கையேடு அழுத்திச் சொல்லாத இரண்டு மட்டும். ஜிக்பீ என்றால் ஹப் பக்கத்தில் வைத்து இணைத்துவிட்டுப் பிறகு தூரத்து அறைக்குக் கொண்டுபோகாதீர்கள், ஒட்டப்போகும் இடத்திலேயே இணையுங்கள். பேட்டரி சென்சார்கள் ஒன்றின் செய்தியை இன்னொன்று கடத்தாது. நடுவில் ஒரு ஸ்மார்ட் பிளக் இருந்தால் அதுதான் கடத்தும். அப்புறம், சென்சாரும் தெர்மோஸ்டாட்டும் நேரடியாகப் பேசிக்கொள்ளும் வசதி இருந்தால் அதையே எடுங்கள். இணையத்தின் வழியே போகும் விதி என்றால், இணையம் நின்ற அன்று ஜன்னல் திறந்தே கிடக்கும், ஹீட்டரும் எரிந்துகொண்டே இருக்கும்.

பெயரை 'சென்சார் 1', 'சென்சார் 2' என்று விடாதீர்கள். 'சமையல் இடது', 'படுக்கை பால்கனி' என்று வையுங்கள். அறை மாறி இணைத்துவிட்டால் குழந்தைகள் அறையில் ஜன்னல் திறக்க, ஹாலில் ஹீட்டர் அணையும். எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு ஜன்னலையும் சாய்த்துப் பாருங்கள். அதே அறை ஹீட்டரில் வால்வு மோட்டார் 'கிர்ர்' என்று சுற்ற வேண்டும்.

ஹீட்டரின் முகப்பில் ஒட்டியிருக்கும் சின்ன எண் காட்டும் பெட்டி கணக்கெடுப்பு நிறுவனத்துடையது, சீல் வைத்தது. அதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

ஒரு தங்கை கேட்டிருந்தார்: "அடுப்புக்கு மேல் மாட்டும் பெரிய சிம்னி ஹுட் வாங்கிவிட்டோம், குளியலறையில் கேஸ் பாய்லர் இருக்கிறது, பிரச்சினையா?" அம்மா, இதை அவசரமாகப் படியுங்கள். அறைக் காற்றை எடுத்து எரியும் பாய்லர் இருக்கும் வீட்டில், வெளியே காற்று தள்ளும் ஹுட்டை ஜன்னல் மூடி ஓட்டினால் பாய்லரின் புகையும் அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவும் வீட்டுக்குள் இழுக்கப்படலாம். அந்த வாயுவுக்கு வாசனையே இல்லை. ஜன்னல் திறந்தால்தான் ஹுட்டுக்கு மின்சாரம் போகும்படி ஒரு ஜன்னல் சுவிட்சு இங்கே விற்கிறது. ஆனால் அது டிஐபிடி என்ற கட்டுமான நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். நாம் வாங்கி ஒட்டும் ஜிக்பீ சென்சாரும் ஸ்மார்ட் பிளக்கும் இந்த வேலைக்கு ஆகாது. ஷோர்ன்ஸ்டைன்ஃபேகரை, அதாவது புகைபோக்கி ஆய்வாளரைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகே ஹுட்டை மாட்டுங்கள். காற்றை வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பிவிடும் வகை ஹுட் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொருவர்: "இனி ஜன்னலையே திறக்காமல் இருந்தால்?" பூஞ்சை வரும், அதோடு வீட்டுக்காரர் கடிதமும் வரும். நாம் சோறு வடித்து, இட்லி அவித்து, துணியையும் உள்ளே காயப்போடுகிறோம். குளிர்காலத்தில் சாய்த்து வைப்பதை விட்டு, நாளுக்கு மூன்று நான்கு முறை முழுசாகத் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடம், அவ்வளவுதான். இங்கே 'ஷ்டோஸ்லூஃப்டன்' என்பார்கள். இன்னும் ஜன்னல் திறந்திருக்கிறது என்று பத்தாவது நிமிடத்தில் போனுக்கு ஒரு நினைவூட்டல் வரும்படி வைத்துக்கொண்டேன், என் மாமியார் வந்திருந்தபோது அதுதான் காப்பாற்றியது. சாய்த்த ஜன்னலோடு வெளியே போய் வீட்டில் திருட்டு நடந்தால் காப்பீட்டுத் தொகையைக் குறைக்கவும் வாய்ப்புண்டு, கிளம்பும்போது செயலியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பால்கனிக் கதவுக்குத் தானியங்கி ஷட்டர் இருந்தால் அந்தக் கதவுக்கும் ஒரு சென்சார் வேண்டும். கதவு திறந்திருந்தால் ஷட்டர் இறங்காதபடி இணைத்துவிடுங்கள். துணி காயப்போடப் போனவர் வெளியே மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது, ஜனவரியில் அது சிரிக்கும் விஷயம் இல்லை.

வீடு காலி செய்வது பற்றிக் கேட்டவருக்கு: கழற்றிய பழைய தெர்மோஸ்டாட் தலைகளை எந்த அறையுடையது என்று எழுதி, கெல்லரில், அதாவது நிலவறையில், ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள், போகும்போது அவற்றையே திரும்ப மாட்ட வேண்டும். சென்சாரைப் பிய்த்து இழுக்காதீர்கள். ஹேர் டிரையரால் சூடு காட்டி, பல் இடுக்கு நூலைப் பின்னால் விட்டு மெதுவாக அறுத்தால் தடம் தெரியாமல் வந்துவிடும். தீர்ந்த பேட்டரிகளைக் குப்பையில் போட வேண்டாம், பேட்டரி விற்கும் கடைகளில் வாசல் பக்கமே அதற்கான பெட்டி இருக்கும்.