பிபிசியின் அறிவியல் புனைவுத் தொடர் 'டாக்டர் ஹூ', 5ஆம் சீசன் (1967-68): இன்னும் உங்களை விடாத காட்சி எது?

நள்ளிரவு டிவிடி:
ஓக், குவில் என்ற இரண்டு வில்லன்களும் வாயைத் திறக்கும் இடம். 'ஃப்யூரி ஃப்ரம் த டீப்' கதையின் ஆறு எபிசோடில் ஒன்றுகூட முழுசாக இல்லை, அந்தக் கால டேப்புகளை பிபிசியே அழித்துவிட்டது உங்களுக்கே தெரியும். 'லாஸ்ட் இன் டைம்' டிவிடியில் துண்டு துண்டாகத்தான் வரும். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்தேன். படுக்கையறையில் மேகி என்ற பெண் தனியாக இருக்கிறார். எதிரில் அந்த இரண்டு பேர், ஒருவர் ஒல்லி, ஒருவர் குண்டு. வாய் மெல்லத் திறக்கிறது, திறந்துகொண்டே போகிறது, உள்ளே ஒரே கறுப்பு. நான் என் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன் என்பது தாடை வலித்த பிறகுதான் தெரிந்தது. இந்தத் துண்டு பிழைத்ததற்கு ஆஸ்திரேலியத் தணிக்கைதான் காரணம். பயங்கரம் என்று வெட்டி எடுத்து வைத்தது மிஞ்சியது, ஒளிபரப்பியதெல்லாம் போயே போய்விட்டது.

டெலோஸ்வாசி:
'டூம் (Tomb) ஆஃப் த சைபர்மென்' என்றால் எல்லோரும் சைபர்மேன்கள் என்ற இயந்திர மனிதர்கள் உறையைக் கிழித்துக்கொண்டு இறங்குவதைச் சொல்வார்கள். எனக்கு அது இல்லை. மூன்றாவது எபிசோடில் எல்லோரும் தூங்கும்போது டாக்டரும் அவரோடு பயணிக்கும் விக்டோரியாவும் பேசுவார்களே, அது. அவள் அப்பா இறந்து அதிக நாள் ஆகவில்லை. தன் குடும்பத்தார் மனசுக்குள் தூங்குகிறார்கள், வேண்டும்போது கண்முன் கொண்டுவர முடியும் என்கிறார் டாக்டர். டாக்டராக நடித்த பேட்ரிக் ட்ரௌட்டன் அதைச் சொல்லும் விதம்! எங்கள் அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த இரவு தற்செயலாக அதைப் போட்டேன். அங்கேயே நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். 1992இல் ஹாங்காங்கிலிருந்து அந்த ஃபிலிம் திரும்பி வந்திராவிட்டால் எனக்கு அந்த இரவு இல்லை.

வடக்கு லைன்:
என்னுடையது சின்னது. லண்டனில் வேலை முடிந்து கூஜ் ஸ்ட்ரீட் பிளாட்பாரத்தில் கடைசி ரயிலுக்கு நிற்கிறேன். ஆளே இல்லை. சுரங்கத்திலிருந்து காற்று வந்தது. ரயில் தள்ளிவரும் காற்றுதான். ஆனால் 'வெப் ஆஃப் ஃபியர்' கதையில் ராணுவம் பதுங்கும் இடம் அதே கூஜ் ஸ்ட்ரீட் ஆயிற்றே. அதில் சுரங்கத்தில் உலவும் யெட்டி என்ற ரோம அரக்கன் ஞாபகம் வந்து லிஃப்ட் பக்கம் நகர்ந்து நின்றேன்.

அப்புறம், நள்ளிரவு அண்ணா, முழுசாக இல்லை என்று சொல்லாதீர்கள். ஆறு எபிசோடுக்கும் ஒலி இருக்கிறது. அன்று டிவி முன்னால் டேப் ரெக்கார்டர் வைத்துப் பதிவு செய்த ரசிகர்கள் காப்பாற்றிக் கொடுத்தது அது. புதிதாகப் பார்ப்பவர்கள் 2020இல் வந்த அனிமேஷனில் தொடங்க வேண்டாம். முதலில் விளக்கை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். 'வெப் ஆஃப் ஃபியர்' மூன்றாவது எபிசோடுக்கும் இதே வழிதான். 2013இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரிலிருந்து இந்த சீசனின் ஒன்பது எபிசோடு மீண்டு வந்தன, அது மட்டும் வரவில்லை. ராணுவ அதிகாரி லெத்பிரிட்ஜ் ஸ்டூவர்ட்டாக நிக்கோலஸ் கோர்ட்னி முதன்முதலில் வருவதே அதில்தான். ஜான் க்யூரா என்ற புகைப்படக்காரர் டிவி திரையிலிருந்து எடுத்த ஸ்டில்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் கதை நன்றாகப் புரியும். இதே சீசனின் 'எனிமி ஆஃப் த வேர்ல்ட்' கதையில் ஆறு எபிசோடும் இருக்கிறது, அதை ஒரே மூச்சில் பார்க்காதீர்கள், வாரம் ஒன்றாகப் பாருங்கள்.

நள்ளிரவு டிவிடி:
ஒலியைக் கேட்டிருக்கிறேன் தம்பி, இரண்டு முறை. அந்த வாயை எப்படிக் காதால் கேட்பது?