எங்கள் ஆலயம் கட்டப்பட்ட ஆண்டு தெரியவில்லை, உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. களுவாஞ்சிக்குடிக்கும் கல்முனைக்கும் இடையில் கடலோரமாக உள்ள சிறிய மெதடிஸ்த ஆலயம் எங்களுடையது. அதன் வரலாற்றை எழுதத் தொடங்கி, தொடக்க ஆண்டிலேயே சிக்கி நிற்கிறேன்.

பழைய ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகள் எதுவும் மிஞ்சவில்லை. 1978 நவம்பர் சூறாவளியில் கூரை போய் நனைந்தவை சில, 2004 சுனாமியில் போனவை மீதி. மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் போதகர் 1814இல் மட்டக்களப்புக்கு வந்ததும், அடுத்த ஆண்டே அங்கேயே இறந்ததும் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு எங்கள் ஊருக்குச் சபை எப்போது வந்தது என்பதுதான் இருட்டு.

வாசல் பக்கச் சுவரில் ஒரு கல் இருக்கிறது. வருடா வருடம் அடித்த சுண்ணாம்பில் எழுத்து மூடிவிட்டது. தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்த்தேன்: 18 தெளிவாக விழுகிறது, மூன்றாவது இலக்கம் 6 அல்லது 8, கடைசி இலக்கம் பிடிபடவில்லை. சுரண்டினால் கல்லும் சேர்ந்து உதிரும், அதனால் விட்டுவிட்டேன்.

எங்கள் சேகர (பல சபைகள் சேர்ந்த திருச்சபை வட்டார) அலுவலகத்தில் கேட்டாயிற்று, பழைய கோப்புகள் இல்லை. மூத்தவர்களிடமும் விசாரித்தேன். ஓர் அம்மம்மா 1931ஆம் ஆண்டு ஞானஸ்நானச் சான்றிதழைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். கையில் கிடைத்ததில் மிகப் பழையது அதுதான்.

மெதடிஸ்த மிஷனின் பழைய கடிதங்களும் அறிக்கைகளும் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோவாஸ் (SOAS) கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. அங்கிருந்து மட்டக்களப்புச் சேகரத்தின் 19ஆம் நூற்றாண்டு ஆவணங்களுக்கு இங்கிருந்தே பிரதி எடுப்பித்தவர்கள் யாராவது இருந்தால், எப்படி எடுத்தீர்கள் என்று சொல்வீர்களா?