சோடியம் சேனலை அடைக்கும் பொருள்களில் ஒன்று மருந்தாகவும் மற்றொன்று நஞ்சாகவும் இருப்பது ஏன்?

மருந்தாக்கியல் மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் பி.ஃபார்ம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பல் பிடுங்கும்போது மரத்துப்போவதற்காகப் போடும் லிக்னோகெய்ன், வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின், கார்பமசெபின் ஆகிய மூன்றும், செல் சவ்வில் சோடியம் அயனிகளை உள்ளே விடும் புரத வாயில்களான, மின்னழுத்தத்தால் திறந்து மூடும் சோடியம் சேனல்களை அடைக்கின்றன என்று பாடப்புத்தகம் சொல்கிறது. பேத்தை மீனில் உள்ள டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சும் அதே சேனலைத்தான் அடைக்கிறது என்று அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது. மூளை, இதயம், தசை என எங்கும் இருக்கும் ஒரு புரதத்தை அடைப்பவற்றில் ஒன்று மாத்திரையாகவும் மற்றொன்று உயிரைப் பறிப்பதாகவும் இருப்பதற்கு அளவின் வேறுபாடு மட்டும்தான் காரணமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். என் அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் சீழ் வைத்து வீங்கியிருந்தபோது, இரண்டு முறை ஊசி போட்டும் பல் மரக்கவில்லை. மருந்து போலியாக இருக்கும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். உடலியங்கியலில் இதற்கு வேறு விளக்கம் உண்டா?

உடலியங்கியல் ஆசிரியர்:

அளவு மட்டும் காரணம் அன்று. சேனல் எந்த நிலையில் இருக்கும்போது, எந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பொருள் அதைப் பற்றுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஓய்வில் உள்ள நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கிறது. எண் சிறியதுதான்; ஆனால் சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டரே என்பதால், சவ்வுக்குள் நிலவும் மின்புலம் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு இலட்சம் வோல்ட்டைத் தாண்டிவிடுகிறது. சோடியம் சேனல் என்பது இந்த மின்புலத்தின் நடுவே பதிந்திருக்கும் ஒரே நீளமான புரதச் சங்கிலி. அதில் நான்கு பகுதிகள் உள்ளன. ஒவ்வொரு பகுதியும் சவ்வை ஆறு சுருள்களால் ஊடுருவுகிறது. அவற்றில் எஸ்4 எனப்படும் நான்காம் சுருளில், மூன்று அமினோ அமிலங்களுக்கு ஒன்று என்ற ஒழுங்கில் நேர்மின்னேற்றம் கொண்ட ஆர்ஜினினோ லைசினோ அமைந்திருக்கிறது. உட்புறம் எதிர்மின்னாக இருக்கும்வரை இந்தச் சுருள் உள்நோக்கி இழுபட்டிருக்கும். அந்த அழுத்தம் குறைந்தவுடன் அது வெளிப்பக்கமாக நகர்ந்து, தன்னோடு இணைந்துள்ள எஸ்5, எஸ்6 சுருள்களை விலக்கி, நடுத்துளையைத் திறந்துவிடுகிறது. உடலியங்கியலாளர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் கணவாயின் பருத்த நரம்பிழையில் செய்த அளவீடுகளைக் கொண்டே, புரதம் எதையும் பார்க்காமல், மின்னேற்றம் கொண்ட ஏதோ ஒன்று சவ்வுக்குள் நகர வேண்டும் என்று ஊகித்தனர். அந்த நகர்வு உண்டாக்கும் மிகச் சிறிய மின்னோட்டத்தை ஆம்ஸ்ட்ராங்கும் பெசனில்லாவும் 1973இல் அளந்தே காட்டிவிட்டார்கள்.

உங்கள் கேள்விக்கு முக்கியமானது அடுத்து நடப்பது. திறந்த சேனல் ஓரிரு மில்லிநொடிக்குமேல் திறந்திருப்பதில்லை. மூன்றாம் பகுதிக்கும் நான்காம் பகுதிக்கும் இடையே நரம்பணுவின் உட்புறத்தில் தொங்கும் ஒரு கண்ணி மடங்கி, துளை வழியே அயனிகள் செல்வதைத் தடுத்துவிடுகிறது. இதைச் செயலிழந்த நிலை என்கிறோம். சவ்வு பழைய எதிர்மின்னழுத்தத்துக்குத் திரும்பும்வரை அந்தச் சேனலை மறுபடி திறக்க இயலாது. ஆகவே சேனலுக்கு மூடிய நிலை, திறந்த நிலை, செயலிழந்த நிலை என மூன்று நிலைகள் உண்டு.

டெட்ரோடோடாக்சின் குப்பியின் வாயில் தக்கையை வைத்தாற்போல வெளிப்புறத் துளையில் அமர்ந்துகொள்ளும். சேனல் ஓய்வில் இருக்கிறதா, ஓயாமல் வேலை செய்கிறதா என்பதை அது பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. லிக்னோகெய்னும் ஃபெனிட்டாயினும் துளையின் உட்புறச் சுவரில், எஸ்6 சுருள்களின் அருகே, திறந்த அல்லது செயலிழந்த நிலையிலேயே வலுவாகப் பிடித்துக்கொள்கின்றன. எனவே எந்த நரம்பு அடுத்தடுத்து மின்துடிப்புகளை எழுப்புகிறதோ, அந்த நரம்பே அதிகமாக அடைபடும். வலிப்பின்போது நொடிக்கு நூற்றுக்கணக்கில் துடிக்கும் அணுக்களைக் கட்டுப்படுத்திவிட்டு, இயல்பாக இயங்கும் அணுக்களைப் பெரும்பாலும் விட்டுவிட ஃபெனிட்டாயினால் முடிவது இதனால்தான்.

பல் மருத்துவர்:

அம்மாவின் ஊசியைப் பற்றிச் சொல்கிறேன். மருந்தைப் போலி என்று சொல்ல வேண்டிய தேவையே இல்லை. சீழ் பிடித்த பல் மரக்க மறுப்பதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

பாடப்புத்தக விளக்கம் இதுதான். லிக்னோகெய்ன் மின்னேற்றம் இல்லாத வடிவில்தான் சவ்வைக் கடக்கும். உள்ளே சென்றபின் மின்னேற்றம் பெற்றுச் சேனலைப் பற்றும். அதன் பிகேஏ, அதாவது மருந்தில் பாதி மின்னேற்றம் பெற்றும் பாதி பெறாமலும் இருக்கும் பிஹெச் (அமிலத்தன்மை அளவு), சுமார் 7.9. இயல்பான திசுவின் பிஹெச் 7.4இல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மருந்து கடக்கக்கூடிய வடிவில் இருக்கும். வீக்கத்தால் பிஹெச் 6.5க்கு இறங்கிவிட்டால் அந்தப் பங்கு நூற்றுக்கு நான்காகச் சுருங்கிவிடும்.

இந்த விளக்கம் பாதிதான் சரி என்பது என் கருத்து. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு நாங்கள் சீழின் மேலேயே ஊசியைக் குத்துவதில்லை. தாடையின் பின்பகுதியில், உட்புறமாக, நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்தருகே போடுகிறோம். அங்கே திசு இயல்பாகத்தான் இருக்கும். ஆனாலும் மரப்பதில்லை. அழற்சியில் சுரக்கும் பொருள்களால் அந்த நரம்பிழைகள் மிகச் சிறிய தூண்டலுக்கே துடிப்பவையாக மாறிவிடுகின்றன. லிக்னோகெய்னுக்கு அவ்வளவாகப் படியாத சோடியம் சேனல் வகைகளும் அவற்றில் கூடிவிடுகின்றன. உதடு கனத்து மரத்திருக்கும், ஆனால் பல்லைத் தட்டினால் நோயாளி துள்ளுவார். சீழை வெளியேற்றி, தேவையானால் நுண்ணுயிர்க்கொல்லியும் கொடுத்து, வீக்கம் வடிந்தபின் பல்லைத் தொடுவதே பல நேரங்களில் நல்லது.

மருந்தாக்கியல் மாணவி:

இருவருக்கும் நன்றி. ஓயாமல் துடிக்கும் உறுப்பைத்தான் இந்த மருந்துகள் அதிகமாகப் பற்றும் என்றால், வாழ்நாள் முழுவதும் துடிக்கும் இதயம் அல்லவா முதலில் நிற்க வேண்டும்?

மயக்கவியல் மருத்துவர்:

சரியான கேள்வி. இதயமும் பாதிக்கப்படுவது உண்மைதான். அதனால்தான் கீழறைத் துடிப்புக் கோளாறுக்கு லிக்னோகெய்னை நாளத்தில் கொடுக்கிறோம். இரத்த ஓட்டம் தடைபட்ட இதயத் தசை தன் ஓய்வழுத்தத்தை இழந்து, அதன் சேனல்களில் பல செயலிழந்த நிலையிலேயே கிடக்கும். மருந்து அங்கேதான் கூடுதலாகப் பற்றுகிறது. நலமான தசையில் ஒரு துடிப்புக்கும் மறு துடிப்புக்கும் இடையே உள்ள ஓய்வு நேரத்துக்குள் சேனலை விட்டு விலகிவிடுகிறது.

இந்த விலகும் வேகத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அறுவை அறையில் நாங்கள் அதிகம் அஞ்சுவது லிக்னோகெய்னை அன்று, மற்றொரு மரப்பு மருந்தான புபிவகெய்னைத்தான். அது விரைவாக உள்ளே போய், மிக மெதுவாக வெளியே வருகிறது. அடுத்த துடிப்பு வருவதற்குள் சேனல்கள் விடுபடாததால், ஒவ்வொரு துடிப்பிலும் அடைப்பு சேர்ந்துகொண்டே போகும். தவறி இரத்த நாளத்துக்குள் சென்று நின்ற இதயத்தை மீட்பது கடினம். மீட்பு முயற்சியோடு 20 சதவீதக் கொழுப்புக் குழம்பையும் செலுத்துகிறோம்.

அளவும் இங்கே கணக்கில் வரும். 2 சதவீத லிக்னோகெய்னில் ஒரு மி.லி.க்கு 20 மி.கி. மருந்து இருக்கிறது. இரத்தத்தில் ஒரு மி.லி.க்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டினாலே காது இரைச்சல், நாக்கு மரப்பு, பிறகு வலிப்பு என நச்சு அறிகுறிகள் தொடங்கலாம். இரண்டுக்கும் இடையே நாலாயிரம் மடங்கு வேறுபாடு. ஈறில் போட்டது ஈறிலேயே நிற்கும்வரைதான் அது பாதுகாப்பானது. ஊசியைச் செருகியதும் உறிஞ்சியிழுத்து, இரத்தம் வருகிறதா என்று பார்ப்பது வெறும் சடங்கு அல்ல.

பேத்தை மீனின் நஞ்சு கொல்லும் வழி வேறு. இதயத்தில் உள்ள சோடியம் சேனலின் வெளித்துளையில் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதால் டெட்ரோடோடாக்சின் அதை எளிதில் பற்றாது. மூச்சுத் தசைகளும் அவற்றுக்குச் செல்லும் நரம்புகளும் செயலற்றுப்போய்த்தான் நோயாளி இறக்கிறார். செயற்கைச் சுவாசம் தொடர்ந்து கொடுத்தால் பிழைப்பவர்கள் உண்டு.

நரம்பியல் பிரிவில் பணிபுரிபவர்:

ஆசிரியர் வலிப்பைப் பற்றிச் சொன்னதோடு ஓர் எச்சரிக்கையைச் சேர்க்கிறேன். சிறு வயதிலேயே தொடங்கும் கடுமையான வலிப்பு நோயான டிராவே நோய்க்குறி உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு எஸ்சிஎன்1ஏ என்ற சோடியம் சேனல் மரபணுவில் பிழை இருக்கும். சேனல் குறைவாக இருக்கிறது. அப்படியானால் வலிப்பு குறையத்தானே வேண்டும்? நடப்பது நேர்மாறு. அந்தச் சேனலை அதிகம் நம்பியிருப்பவை மற்ற நரம்பணுக்களை அடக்கிவைக்கும் அணுக்கள். அவை தளர்ந்ததும் மூளை கட்டுப்பாட்டை இழக்கிறது. இந்தக் குழந்தைகளுக்குக் கார்பமசெபின், லாமோட்ரிஜின் போன்ற சோடியம் சேனல் அடைப்பான்களைக் கொடுத்தால் வலிப்பு மிகக்கூடும். முதல் வயதிலேயே காய்ச்சலோடு நீண்ட வலிப்பு திரும்பத் திரும்ப வந்தால், மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முன் மரபணுப் பரிசோதனையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

உடலியங்கியல் ஆசிரியர்:

மாணவிக்குப் பயன்படும் ஒரு செய்தியை விட்டுவிட்டேன். மனிதரில் சோடியம் சேனலுக்கு ஒன்பது வகைகள் உண்டு. லிக்னோகெய்ன் அவற்றைப் பெரிதாகப் பிரித்தறியாது. 2006இல், வடக்குப் பாகிஸ்தானில் பிறவியிலேயே வலியை உணராத சிலரிடம் 1.7 என்ற வகை முற்றிலும் செயலற்றிருப்பது கண்டறியப்பட்டது. அதை மட்டும் அடைக்கும் வலிநிவாரணிக்காகப் பல நிறுவனங்கள் முயன்றும் இதுவரை எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. பலன் தந்தது அதன் அண்டை வகையான 1.8. அதை அடைக்கும் சுசெட்ரிஜினை, மிதமானது முதல் கடுமையானது வரையிலான குறுகியகால வலிக்கான மாத்திரையாக அமெரிக்கா 2025 ஜனவரியில் அனுமதித்தது. அது துளைக்குள் போவதே இல்லை. இரண்டாம் பகுதியின் மின்னழுத்த உணரியைப் பிடித்து, சேனலை மூடிய நிலையிலேயே நிறுத்திவைக்கிறது. திறந்த அல்லது செயலிழந்த நிலையிலேயே மருந்து வலுவாகப் பற்றும் என்று நான் மேலே எழுதிய விதி அதற்குத் தலைகீழாகப் பொருந்தும் என்பதால், தேர்வில் சோடியம் சேனல் அடைப்பான்கள் அனைத்தும் ஒரே மாதிரி இயங்கும் என்று எழுதிவிடாதீர்கள்.