புதுப்பிப்பு: பெயிண்ட் மங்கிய டாட்சன் 120ஒய் விற்றாகிவிட்டது (பினாங்கு)

அப்பாவின் 1976 டாட்சன் காருக்குப் புதுப் பெயிண்ட் அடித்து விற்பதா, இருக்கிறபடியே விற்பதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பெயிண்ட் அடிக்காமலே கைமாறிவிட்டது.

கைகொடுத்தது பதில் எழுதியவர்களில் ஈப்போ அண்ணன் சொன்ன யோசனை: "பெயிண்டைத் தொடாதே, குறையைக் கிட்டத்தில் படமெடுத்துப் போடு." பானெட்டின் ஒரு மூலையில் மட்டும் காம்பவுண்ட் (பெயிண்டை மெருகேற்றும் பசை) போட்டுத் தேய்த்தேன். துணியில் காரின் மஞ்சள் நிறம் ஏறியது. கிளியர் கோட் (நிறத்துக்கு மேல் பூசும் நிறமற்ற பூச்சு) இல்லாத பழைய பெயிண்ட் என்பதற்கு அதுவே அடையாளம். வெளுப்புக்கு அடியில் நிறம் அழகாக இருந்தது. அதையும், பின்சக்கர வளைவில் உப்பியிருந்த துருவையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து விளம்பரத்தின் முதலிலேயே போட்டேன்.

ஜெலுத்தோங்கிலிருந்து கார் வாங்க வந்தவர் துணி சுற்றிய காந்தத்தைக் கதவு, மட்கார்டு என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். பட்டி (பள்ளம், துருவை மறைக்க அடைக்கும் பசை) கனமாகப் பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. "புதுசா அடிச்சிருந்தா உள்ளே என்ன இருக்கோன்னு பயந்திருப்பேன் தம்பி" என்றார். துருவுக்குத்தான் விலை குறைத்தார். மங்கலைப் பற்றி ஒரு பேச்சில்லை.

எதிர்பாராதது எஞ்சின் எண். பெயர் மாற்றத்துக்கு முன் புஸ்பாகோம் என்ற வாகனப் பரிசோதனை நிறுவனத்தில் எஞ்சின், சேசிஸ் எண்களைக் கெரானோடு (வாகனப் பதிவுச் சான்றிதழோடு) ஒப்பிடுவார்கள். எங்கள் எண் எண்ணெய்ப் பிசுக்கில் மறைந்தே கிடந்தது. மண்ணெண்ணெய் தொட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்ததும் தெரிந்தது. உப்புத்தாள் வேண்டாம், எண்ணைத் திருத்தியதுபோல் தோன்றும். அதன் பிறகு ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறையில்) விற்பவர், வாங்குபவர் இருவரும் கைரேகை வைத்ததோடு வேலை முடிந்தது.