ஆறு நாள் தார் ரோடு ராலிக்கு டிரெய்லர் வேண்டாமாம்! கேட்டீங்களா கதையை?

பழைய_பிஸ்டன்:
வேற இழையில ஒரு புண்ணியவான் எழுதினதை நேத்து ராத்திரி படிச்சேனுங்க, அப்ப இருந்து தூக்கம் வரலை. அவர் எழுதினதை அப்படியே போடறேன்: "டார்கா டாஸ்மேனியாவுக்கு டிரெய்லர், சர்வீஸ் வான், மெக்கானிக் ஒண்டும் தேவையில்லை. உங்கட காரை நீங்களே ஓட்டிக்கொண்டு போய்க் கப்பல் ஏறுங்கோ, ராலி ஓடுங்கோ, அதே காரில வீட்டை வாங்கோ. என்ட்ரி காசும் பெற்றோல் காசும்தான் செலவு."

தெரியாதவங்களுக்கு ஒரு வரி சொல்லிடறேன். டார்கா டாஸ்மேனியா ஆஸ்திரேலியாவோட டாஸ்மேனியா தீவுல 1992ல ஆரம்பிச்ச கார் ராலி, சிசிலில நடந்த டார்கா ஃப்ளோரியோ ரேஸ் ஞாபகமா வெச்ச பேரு. ஊர் ரோட்டையே துண்டு துண்டா மூடிட்டு நேரம் பார்த்து விரட்டுவாங்க, அந்தத் துண்டுக்குப் பேருதான் ஸ்டேஜ். ஒரு ஸ்டேஜுக்கும் அடுத்த ஸ்டேஜுக்கும் நடுவுல சாதாரண ரோடு, சாதாரண டிராஃபிக், போலீஸ் எல்லாம் உண்டு. ஆறு நாள்ல எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2000 கிலோமீட்டர். இதைத்தான் இவரு மளிகைக் கடைக்குப் போயிட்டு வர்ற மாதிரி போயிட்டு வரலாம்னு சொல்றாரு.

நான் மூணு தடவை போயிருக்கேன். செலவெல்லாம் ஒரு எக்செல்ல இருக்கு, வீட்டுக்காரம்மா திறந்துடக் கூடாதுன்னு ஃபைலுக்கு "வரி 2014"ன்னு பேரு. ரோல் கேஜ் (கார் உருண்டா ஆளு நசுங்காம இருக்க உள்ள கட்டற இரும்புக் குழாய்க் கூடு) ஒன்னு, அதுக்கு எஞ்சினியர் சர்டிஃபிகேட், சீட்டு ரெண்டு, பெல்ட்டு ரெண்டு, ஹெல்மெட் ரெண்டு, கழுத்துக்கு ஹான்ஸ் ரெண்டு, தீப்பிடிக்காத சூட்டு ரெண்டு (ஓட்டறவனுக்கு மட்டும் இல்லீங்க, பக்கத்துல உக்காந்து வளைவு வளைவா வழி நோட்ஸ் படிக்கறவனுக்கும் சேர்த்து), இன்டர்காம், தீயணைப்பான், லைசென்ஸ். இதுல என்ட்ரி ஃபீஸையும் பெட்ரோலையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை. இத்தனையும் பண்ணி அந்தக் காரை டிரெய்லர் இல்லாம கொண்டு போறவன் ஒன்னு கோடீஸ்வரன், இல்லைன்னா பொய் சொல்றவன்.

எம்எக்ஸ்5_செல்வன்:
அந்தப் புண்ணியவான் நான்தான் ஐயா. பேரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். 2017 இல நான் போனனான், ஓடினனான், திரும்பி வந்தனான். டிரெய்லர் இல்லை. இதில என்ன பொய் இருக்கு?

சென்னை_ஸ்டீயரிங்:
டாஸ்மாக்குக்கு டிரெய்லர்லயா போவாங்க, தள்ளாடியே வந்துடலாமே 😂

நேவிகேட்டர்_அக்கா:
ஒரே ஒரு கேள்வி. நீங்க ரெண்டு பேரும் எந்தப் பிரிவுல போனீங்க? போட்டிப் பிரிவா, டூரா? டூர்னா கேஜ் வேண்டாம், முன்னாடி போற லீடர் கார் பின்னாலயே போகணும், 130க்கு மேல போக முடியாது. ரெண்டோட செலவும் வேற வேற. அதைச் சொல்லிட்டு சண்டை போடுங்க.

பழைய_பிஸ்டன்:
பிரிவெல்லாம் அப்புறம் பேசிக்கலாமுங்க அக்கா. இப்ப கேள்வி டிரெய்லர். செல்வன் சார், நாலாம் நாள் டிஃப் (எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குப் பிரிச்சுக் குடுக்கற கியர்) உடைஞ்சா என்ன பண்ணுவீங்க? கேஜ் போட்ட கார்ல ஹெல்மெட் இல்லாம ஊர் ரோட்டுல போனா தலை அந்த இரும்புக் குழாய்ல இடிக்குமே, அதுக்கு என்ன பண்ணுவீங்க? சாதாரண இன்சூரன்ஸ்காரன் போட்டின்னு கேட்டதுமே ஃபோனை வெச்சுடுவான், ஸ்டேஜ்ல வேலில சொருகின காரை யாரு காசுல வீட்டுக்கு இழுத்துட்டு வருவீங்க?

எம்எக்ஸ்5_செல்வன்:
உடைஞ்சால் உடைஞ்சது. டிரெய்லர் இருந்தால் டிஃப் உடையாதோ? ஜீலாங்கில இருந்து விடியப்புறம் வெளிக்கிட்டு இரவுக் கப்பலில போனன், காலமை டாஸ்மேனியாக் கரையில டெவன்போர்ட். அங்கயிருந்து ராலி தொடங்கிற லான்செஸ்டன் 100 கிலோமீட்டர், ஒண்டரை மணித்தியாலம் கூட இல்லை. உங்கட டிரெய்லரைக் கட்டிக் கழட்டுற நேரத்துக்குள்ள நான் போய்த் தேத்தண்ணி குடிச்சு முடிச்சிடுவன். கப்பல்காரனும் வாகனத்தின்ர நீளத்துக்குத்தான் காசு எடுக்கிறவன். இழுக்கிற வாகனம், டிரெய்லர் ரெண்டையும் சேர்த்து அளந்தால் எவ்வளவு வரும் எண்டு உங்கட எக்செல்லில பாருங்கோ.

பழைய_பிஸ்டன்:
மாட்டிக்கிட்டீங்களா! 2017ல ஜீலாங்ல ஏது கப்பல்? அப்ப போர்ட் மெல்பர்ன் ஸ்டேஷன் பியர்ல இருந்துதானுங்க. ஜீலாங்குக்கு மாறினதே 2022 அக்டோபர்ல. போகாத ஊருக்கு வழி சொல்றது இதுதான். எல்லாரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

எம்எக்ஸ்5_செல்வன்:
உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதோ? ஜீலாங்கில இருந்து "வெளிக்கிட்டு" எண்டு எழுதினனான். நான் இருக்கிறதே ஜீலாங்கில. வீட்டை இருந்து வெளிக்கிட்டு ஸ்டேஷன் பியருக்குப் போனனான். கப்பல் ஜீலாங்கில நிண்டது எண்டு நான் எங்க எழுதினன்?

பழைய_பிஸ்டன்:
ஜீலாங்ல இருந்து போர்ட் மெல்பர்ன் ஒரு மணி நேரம். ராத்திரி கப்பலுக்கு எவனாவது விடியக்காத்தால கிளம்புவானாங்க?

எம்எக்ஸ்5_செல்வன்:
கிளம்புவான். டண்டினோங்கில மச்சான் வீடு. பகல் முழுக்க அங்கதான் நிண்டனான், சாப்பாடும் அங்கதான். என்ன கறி எண்டும் சொல்லவோ?

சென்னை_ஸ்டீயரிங்:
என்ன கறின்னு சொல்லுங்க சார், டிரெய்லரை விட அதுதான் முக்கியம்

ரெண்டாம்_கியர்:
பழைய பிஸ்டன் அண்ணா, வணக்கம். 2016ல உங்களுக்கு சர்வீஸ் ஆளா வந்தவன் நான்தான், ஞாபகம் இருக்கும்னு நெனைக்கிறேன். டிரெய்லர் மகிமையை இவ்ளோ பாடறீங்களே, லான்செஸ்டன் போற வழில டெலொரெய்ன் பக்கம் நடந்ததையும் கொஞ்சம் சொல்லுங்களேன். சரி விடுங்க, நானே சொல்றேன். காருக்கு ஒன்னும் ஆகலை, கார் ஜம்முனு டிரெய்லர் மேல நின்னுச்சு. போனது டிரெய்லர் வீல் பேரிங். கிரீஸ் கருகற வாடை வருதுன்னு நான்தான் நிறுத்தச் சொன்னேன். இறங்கிப் பார்த்தா ஹப்பைத் தொட முடியலை, தண்ணியைத் தெளிச்சா சுர்ர்ங்குது. உள்ள ரோலரெல்லாம் நீலமாப் போயி, அந்த ரோலரைப் பிடிச்சிருக்கற கூடு நசுங்கி சுருண்டு கிடக்கு. அப்புறம் என்ன பண்ணோம்? டிரெய்லரை ஒருத்தர் பண்ணைல விட்டுட்டு, காரை இறக்கி, நீங்களே லான்செஸ்டன் வரைக்கும் ஓட்டிட்டுப் போனீங்க. அதே ரோல் கேஜோட, அதே ரோட்டுல.

எம்எக்ஸ்5_செல்வன்:
ஐயோ ஐயோ 🤣🤣🤣 இனி நான் என்னத்தைக் கதைக்க

பழைய_பிஸ்டன்:
தம்பி, அது அவசரத்துக்கு ஓட்டினது. அவசரத்துக்குப் பண்றது வேற, கொள்கை வேற. அந்த பேரிங்குக்கு கிரீஸ் அடிக்கற வேலை யாரோடதுன்னும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

ரெண்டாம்_கியர்:
கிரீஸ் கன் கேட்டதுக்கு "டிரெய்லர் புதுசு, பேசாம இரு"ன்னு சொன்னது யாருண்ணா? லான்செஸ்டன்ல அஞ்சு பேர் தங்கின ரூம் காசுல என் பங்குன்னு சொல்லி ரெண்டு தடவை வாங்கினீங்க, அதுவும் அந்த எக்செல்ல இருக்குமா?

பழைய_பிஸ்டன்:
ரூம் காசைப் பத்தி தனி மெசேஜ்ல பேசிக்கலாம். பொது இடத்துல வேண்டாம்.

நேவிகேட்டர்_அக்கா:
திரும்பவும் கேக்கறேன், போட்டியா டூரா? பதிலே வரலை.

நான் போட்டில ரெண்டு தடவை நோட்ஸ் படிச்சிருக்கேன், அதனால சொல்றேன். டிரெய்லரை விட பெரிய செலவு தேதிங்க. பெல்ட்டுக்கு எஃப்ஐஏ (உலக கார் ரேஸ் அமைப்பு) கணக்குல அஞ்சு வருஷம்தான், புதுசு மாதிரி பளபளன்னு இருந்தாலும் தேதி முடிஞ்சா முடிஞ்சதுதான். என் டிரைவர் செகண்ட் ஹேண்ட் பெல்ட் வாங்கிட்டு பாதி காசு மிச்சம்னு பெருமையா இருந்தார். ஸ்க்ரூட்டினி, அதான் ராலிக்கு முன்னாடி காரைச் சோதிக்கறது, அன்னைக்கு ஒரு பெரியவர், கைல சின்ன டார்ச். காரை ஒரு சுத்து சுத்தி வந்தார், எஞ்சின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை. நேரா உள்ள குனிஞ்சு தோள் பட்டையைத் திருப்பி, தையல்ல இருந்த லேபிளை நகத்தால நிமித்திப் பிடிச்சார். டார்ச் அடிச்சார். வருஷத்தை சத்தமாப் படிச்சார், போன வருஷம். அவ்ளோதான், ஸ்டிக்கர் கிடையாது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வேற ஒரு டீம்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி, புதுசை விட ஜாஸ்தி காசு குடுத்து வாங்கினோம். இதை எந்தக் கணக்குல எழுதுவீங்க?

பழைய_பிஸ்டன்:
அக்கா சொல்றதும் நான் சொல்றதும் ஒன்னுதானுங்க. டிரெய்லர் இருந்தா ஸ்பேர் பெல்ட்டையும் அதுலயே போட்டுட்டுப் போயிருக்கலாம்.

நேவிகேட்டர்_அக்கா:
ஸ்பேர் பெல்ட் வைக்க டிரெய்லரா?? அது ஒரு பைக்குள்ள போயிடுமே!

சென்னை_ஸ்டீயரிங்:
இந்த கோயம்புத்தூர்காரங்களுக்கு ஊசி கொண்டு போறதுன்னாலும் லாரி வேணும்

பழைய_பிஸ்டன்:
ஊரை இழுக்காதீங்க. ரேஸ் கார் கட்டின கரிவரதனைக் குடுத்த ஊரு, நரேன் கார்த்திகேயனைக் குடுத்த ஊரு எங்க ஊரு. 2005ல ஃபார்முலா ஒன்ல இந்தியான்னு ஒரு பேரு வந்ததே எங்களாலதான். நீங்க சோழவரத்துல ஏரோபிளேன் ஓடின ரோட்டைக் காட்டி எத்தனை நாளைக்கு ஓட்டுவீங்க?

சென்னை_ஸ்டீயரிங்:
எங்க மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் (எம்எம்எஸ்சி) ஆரம்பிச்சது 1953. அப்ப உங்க ஊர்ல ரேஸ்னா ரேக்ளா மட்டும்தான். இருங்காட்டுக்கோட்டை ட்ராக்ல வந்து பழகாத கோவை டிரைவர் ஒருத்தரைக் காட்டுங்க, இப்பவே இந்த இழையை விட்டுப் போயிடறேன்.

பழைய_பிஸ்டன்:
ரேக்ளாவைக் கேவலமாப் பேசாதீங்க தம்பி. அந்த மாட்டையும் வண்டியில ஏத்தித்தான் கொண்டு போவோம், நடத்தி இல்லை. மாட்டுக்கே அப்படின்னா காருக்கு?

எம்எக்ஸ்5_செல்வன்:
மாட்டுக்கு ரோல் கேஜ் உண்டோ?

லயல்_ஹைவே:
எல்லாருக்கும் ஒன்னு ஞாபகப்படுத்தறேன். 2021ல அந்த ராலில ரெண்டு விபத்து, மூணு பேர் செத்தாங்க. 2022 ஏப்ரல்ல இன்னொருத்தர். அதுக்கப்புறம் அங்க கார் ரேஸுக்கு அனுமதி குடுக்கற மோட்டார்ஸ்போர்ட் ஆஸ்திரேலியா தார் ரோடு ராலியையே நிறுத்தி வெச்சது. நீங்க என்னடான்னா டிரெய்லருக்கு அடிச்சுக்கறீங்க. நான் குவீன்ஸ்டவுன் 99 வளைவுல பிரேக் ஃப்ளூயிட் கொதிச்சு, பெடல் தரை வரைக்கும் போயி, ஹேண்ட் பிரேக்குல நிறுத்தினவன். அன்னைக்கு எனக்குத் தேவைப்பட்டது நல்ல பிரேக் பேடும் புது ஃப்ளூயிடும்தான். செலவு பண்றதுன்னா அதுல பண்ணுங்க.

பழைய_பிஸ்டன்:
ரொம்பச் சரிங்க. நிறுத்தினீங்களே, அப்புறம் அந்தக் காரை ஹோட்டலுக்கு எதுல கொண்டு போனீங்க?

லயல்_ஹைவே:
ஓட்டிட்டுத்தான். ஃப்ளூயிட் ஆறினதும் ப்ளீட் பண்ணி, அதான் பிரேக் லைன்ல இருக்கற காத்தை வெளிய எடுத்து.

எம்எக்ஸ்5_செல்வன்:
👆 மூண்டாவது சாட்சி.

பழைய_பிஸ்டன்:
சாட்சியா? இது என்ன கோர்ட்டா? செல்வன் சார், உங்க கார் 1000 கிலோ கூட வராத பொம்மை. என்னோட சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் 1400, டிரெய்லர் 700, மொத்தம் 2100. ரெண்டு டன்னைத் தாண்டினா டிரெய்லருக்கு எல்லாச் சக்கரத்துலயும் பிரேக் இருக்கணும், டிரெய்லர் அறுந்துட்டா தானா பிடிக்கற பிரேக்கும் இருக்கணும். சட்டம். அதுக்கும் செலவு பண்ணி வெச்சிருக்கேன். சட்டப்படி நடக்கறவனைப் பார்த்துச் சிரிக்கறாங்க, ஆண்டவன் பார்த்துக்குவான். திரும்பச் சொல்றேன், டிரெய்லர் இல்லாம ராலி இல்லை. டிரெய்லர் இல்லாம போனா அதுக்குப் பேரு ராலி இல்லை, சுற்றுலா.

நேவிகேட்டர்_அக்கா:
சுற்றுலான்னா டூர். அதைத்தானே நான் முதல்ல இருந்து கேட்டுட்டு இருக்கேன்!! செல்வன், நீங்க போனது டூரா?

எம்எக்ஸ்5_செல்வன்:
அக்கா, டூரும் அதே ரோட்டிலதான் ஓடுறது. அதே மூடின ரோடு, அதே மழை, அதே வளைவு.

பழைய_பிஸ்டன்:
ஆஹா! வந்துடுச்சு உண்மை! லீடர் கார் பின்னால வரிசையாப் போன ஆளு எனக்கு செலவுக் கணக்கு சொல்ல வந்துட்டாரு!

எம்எக்ஸ்5_செல்வன்:
நான் "ஓடினன்" எண்டுதான் சொன்னனான், "வெண்டனான்" எண்டு சொல்லேல்ல. நீங்கள் மூண்டு தரம் போட்டியில போய் எத்தினையாம் இடம்?

ரெண்டாம்_கியர்:
2016ல முடிக்கவே இல்லை. மூணாம் நாள் கிளட்ச் போச்சு. இருங்க, அன்னைக்கு காரை டிரெய்லர்ல ஏத்தலாம்னா டிரெய்லர் இன்னும் டெலொரெய்ன் பண்ணையிலதான் நின்னுட்டு இருந்துச்சு.

பழைய_பிஸ்டன்:
தம்பி உனக்கு ரூம் காசு வேணும்னா நேரா கேளு.

ரெண்டாம்_கியர்:
நேராத்தாண்ணா கேக்கறேன், 2016ல இருந்து.

புதுசு_அருண்:
வணக்கம், நான் அடிலெய்ட் பக்கம் தார் ரோடு ராலிக்குப் போகலாம்னு இருக்கேன், மெல்பர்ன்ல இருந்து 700 கிலோமீட்டருக்கு மேல வருது. முழுசாப் படிச்சேன், ஆனா டிரெய்லர் வாங்கணுமா வேண்டாமான்னு புரியலை. பட்ஜெட் கம்மி.

எம்எக்ஸ்5_செல்வன்:
வேண்டாம்.

பழைய_பிஸ்டன்:
வாங்கணும்.

நேவிகேட்டர்_அக்கா:
அருண், போட்டியா டூரா?

புதுசு_அருண்:
அது என்ன வித்தியாசம்?

சென்னை_ஸ்டீயரிங்:
போச்சுடா

புதுசு_அருண்:
பிஸ்டன் சார், உங்க டிரெய்லர் இப்ப சும்மாதானே இருக்கு, வாடகைக்குக் கிடைக்குமா?

பழைய_பிஸ்டன்:
வாடகைக்கெல்லாம் விடறதில்லீங்க. அதுக்கு பேரிங் மாத்தற வேலை இன்னும் பாக்கி இருக்கு.