வெளிநாட்டு உரிமத்தில் கவச வாகனம்: வரைபடம் கிடைத்த பிறகு எங்கே இடறும்?

ஒலுவில்_மாணவன்

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். பொறியியல் பீட இறுதியாண்டு அறிக்கைக்கு நான் எடுத்த தலைப்பு, காலாட்படைக் கவச வாகனங்களை வெளிநாட்டு நிறுவனத்தோட சேர்ந்து உள்ளூரில தயாரிக்கிறது. மலேசியா, போலந்து பற்றி வாசிச்சன். எங்க பார்த்தாலும் "தொழில்நுட்பப் பரிமாற்றம்", "உள்ளூர்ப் பங்கு" எண்டு ரெண்டு சொல்லோட கதை முடியுது. உண்மையில பங்காளி எதை, எந்த ஒழுங்கில கையில தாறான்? காசு குடுத்து உரிமம் வாங்கின பிறகும் கயிறு அவன் கையில இருக்கிறது எந்த இடத்தில?

இன்னொண்டு. சம்மாந்துறை, கல்முனைப் பக்கம் உழவு மெஷின் பெட்டியும் அரிசி ஆலைக்கு எலிவேற்றரும் ஒவ்வொரு நாளும் வெல்டிங் பண்ற பட்டறைகள் இருக்கு. கை நல்ல கை. கவசத் தகடு இவங்களுக்கு எவ்வளவு தூரம்?

தகட்டுக்காரன்

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து வாறன். தொழிற்சாலை முதல்ல இடறுற இடம் அதுதான்.

மெஷின் பிரச்சினை இல்லை, 350 அம்பியர் மிக் செட் (காஸ் ஊதி மூடி, கம்பியால வெல்டிங் பண்ற மெஷின்) தாராளம். பிரச்சினை தகட்டில. பெட்டி அடிக்கிற சாதாரண இரும்பு 250 மெகாபஸ்கால் இழுவையில நிரந்தரமா வளையத் தொடங்கும். ஆர்மொக்ஸ் 500டி மாதிரிக் கவசத் தகட்டில அந்த எல்லை குறைஞ்சது 1250, கடினம் 480–540 பிரினெல். சூடாக்கித் தண்ணீரில தோய்ச்சு, பிறகு குறைஞ்ச சூட்டில பதம் பார்த்து எடுத்த கடினம் அது. திரும்ப 200 பாகை செல்சியசுக்கு மேல போனா பதம் கழண்டிடும். கண்ணுக்குத் தெரியாது, பெயின்ற் அடிச்சா இன்னும் தெரியாது. குண்டுக்கு மட்டும் தெரியும்.

அதால வெட்டும்போதே கவனம் வேணும். காஸ் கட்டிங் விளிம்பை அகலமாகச் சுடும். பிளாஸ்மா, அதிலும் தண்ணிக்குள்ள பிளாஸ்மா, குறைவாகச் சுடும். மணல் கலந்த நீர்த்தாரை சுடவே சுடாது. பெரிய தகட்டில வெட்டினா சூடு பரவி ஆறும். ஒரு சாண் அகலத் துண்டு வெட்டினா முழுத் துண்டும் காய்ஞ்சு மென்மையாகிடும். தகட்டின்ர மூலையில உருக்கு வார்ப்பு இலக்கம் குத்தி இருக்கும். வெட்ட முதல் அதை ஒவ்வொரு துண்டுக்கும் மாத்திக் குத்தணும். பட்டறைப் பழக்கத்தில அந்த மூலைதான் முதல்ல கழிவுக் குவியலுக்குப் போகும், பிறகு எந்தத் துண்டு எந்தச் சான்றிதழுக்கு எண்டு ஆருக்கும் தெரியாது. பரிசோதகர் முழுத் தொகுதியையும் திருப்பி அனுப்ப அது ஒண்டே போதும்.

இனி ஒட்டு. ஒவ்வொரு மி.மீ.க்கும் தகட்டுக்குள்ள எவ்வளவு சூடு போகுது எண்டு கணக்குப் பார்ப்பம். 24 வோல்ற், 200 அம்பியர், நிமிசத்துக்கு 300 மி.மீ. வேகம் எண்டு வைங்க. 24 × 200 × 60-ஐ 300-ஆல பிரிச்சா 960 ஜூல், 0.8 திறனால பெருக்கினா மி.மீ.க்கு 0.77 கிலோ ஜூல். 8 மி.மீ. தகட்டுக்கு ஓரளவு சரி. பெட்டிக்கு ஓட்டுற மாதிரி நெளிச்சு, அகலமா, 100 மி.மீ. வேகத்தில ஓட்டினா அதே அம்பியரில 2.3 ஆகிடும். நல்ல கை எண்டு நாம சொல்ற அந்த அழகான அகல ஒட்டுதான் இங்க பிழை. ஒட்டுக்குப் பக்கத்தில மென்மையாகிற பட்டை 16 மி.மீ. தாண்டக்கூடாது எண்டு வரம்பு வைப்பாங்க. அந்தப் பட்டைக்குப் பின்னால இன்னொரு தகட்டுப் பட்டி வாறமாதிரி மூட்டை வடிவமைக்கிறதும் அதுக்குத்தான். ஒரு ஒட்டுக்கு மேல அடுத்த ஒட்டு ஏத்த முதல் வெப்பநிலை அளந்து, 200க்குக் கீழ வந்த பிறகுதான் கை வைக்கணும். பொறுமை இல்லாதவனுக்கு இந்த வேலை சரிவராது.

அடுத்தது ஐதரசன். ஈரம், கிறீஸ், துரு எதிலிருந்தும் வரும். கடின உருக்குக்குள்ள புகுந்து, ஒட்டு ஆறி மணிக்கணக்கு கழிச்சு வெடிப்பைக் கிளப்பும். அதால மீயொலி, காந்தத் துகள் சோதனை எல்லாம் 48 மணித்தியாலம் பொறுத்த பிறகு. அண்டைக்கே பார்த்துப் பாஸ் பண்ணினா அந்தப் பாஸுக்கு அர்த்தமில்லை. 7018 றொட் (கையால ஒட்டுற, பூச்சுப் பூசின வெல்டிங் குச்சி) எண்டா 350 பாகையில ரெண்டு மணித்தியாலம் சுட்டு, 120 பாகை சூட்டுப்பெட்டியிலிருந்து ஒவ்வொண்டா எடுக்கணும். கார்த்திகை, மார்கழியில வாவிக்கரைக் காத்து எப்பிடி எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. திறந்து கிடந்த பக்கெற்றை அப்பிடியே பாவிச்சா வெடிப்பு நிச்சயம். கனபேர் 307 ரக நிறைகுரோமியக் கம்பிக்குப் போறது இதாலதான். அந்த உலோகம் ஐதரசனைத் தனக்குள்ளயே பிடிச்சு வச்சிருக்கும், தகட்டுக்குக் கடத்தாது. விலை கூட, ஒட்டின்ர பலம் தகட்டை விடக் குறைவு, ஆனா வெடிக்காது.

பட்டறையில ஆள் பக்கத்தில நிக்கிற பெடஸ்டல் ஃபேனை முதல்ல நிப்பாட்டுங்க. காத்து செக்கனுக்கு 2 மீற்றரைத் தாண்டினா மிக் காஸ் கலைஞ்சு ஒட்டு முழுக்க ஓட்டை.

வாவிக்கரை

முதல் ரெண்டு கேள்விக்கு நான்.

ஒழுங்கு அநேகமா எங்கயும் ஒண்டுதான். முதல் தொகுதி பங்காளியின்ர தொழிற்சாலையிலயே முழுசா வரும். உங்கட ஒட்டுக்காரரும் பரிசோதகரும் அங்க போய் நிண்டு பழகுவாங்க. பிறகு முடிச்ச உடற்கூடு வரும், நீங்க இஞ்சின், அச்சு, வயரிங் பூட்டுவீங்க. அதுக்குப் பிறகு உதிரியாகப் பிரிச்ச பாகங்கள். கடைசியிலதான் தகட்டிலிருந்து உடற்கூடு அடிக்கிற வேலை. அவுஸ்திரேலியா 211 பொக்ஸர் எட்டுச் சில்லுக் கவச வாகனத்தில முதல் 25ஐ ஜேர்மனியில செய்விச்சது, மிச்சம் குயின்ஸ்லாந்தில ரெட்பாங்கில. ஹங்கேரியின்ர 218 லின்க்ஸ் கவச வாகனத்தில 46 ஜேர்மனியில, 172 சலாஎகெர்செகில கட்டின புதுத் தொழிற்சாலையில. அந்த முதல் தொகுதியைச் சுருக்கிக் காசு மிச்சம் பிடிக்கிறன் எண்டு வெளிக்கிட்டா, பழகிற பிழை எல்லாத்தையும் சொந்த மண்ணில, சொந்தச் செலவில பழகவேண்டி வரும்.

உள்ளூர்ப் பங்கு எண்டு ஆரும் வீதம் சொன்னா, எடையிலயா பணத்திலயா எண்டு கேளுங்க. உடற்கூடு பாரம், விலை குறைவு. இஞ்சின், கியர்பொக்ஸ், சுடுகோபுரம் (துவக்குப் பூட்டின சுழல் கோபுரம்), இரவுப் பார்வைக் கருவி எல்லாம் பாரம் குறைவு, பணம் முழுக்க அங்கதான். ஒரே வாகனத்துக்கு ரெண்டு வீதம் காட்டலாம், ரெண்டும் பொய்யில்லை.

கயிறு ரெண்டு இடத்தில. ஒண்டு இயங்கு தொகுதி, அதாவது இஞ்சினும் கியர்பொக்ஸும். பாகம் செய்த நாடு ஏற்றுமதி அனுமதி தராட்டி உற்பத்தி வரிசை முழுக்க நிக்கும். துருக்கியின்ர அல்டாய் யுத்த டாங்கிக்கு ஜேர்மன் இஞ்சினும் கியர்பொக்ஸும் கிடைக்காமல் தென்கொரியாப் பக்கம் திரும்பி, வருசக்கணக்கில இழுபட்டது. ஒப்பந்தத்தில கையெழுத்துப் போடுறது ஒரு நாட்டோட, ஆனா பாகம் வாறது நாலு நாட்டிலிருந்து. ஒவ்வொண்டிட்ட இருந்தும் தனித்தனி அனுமதி.

மற்றது வடிவமைப்பை மாத்துற உரிமை. வரைபடப்படி செய்ய ஒரு உரிமம், அதில கை வைக்க வேற உரிமம், மூன்றாம் நாட்டுக்கு விற்க இன்னொண்டு. போலந்து பின்லாந்தின்ர பட்ரியா வாகனத்தை ரொசோமாக் எண்ட பேரில செய்தது. ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பேக்க மேலதிகக் கவசம் பூட்டினாங்க, பாரம் கூடி நீந்துற வசதி போச்சு. அப்பிடி ஒரு மாற்றத்தை ஆர் கணக்குப் பார்த்து ஒப்பம் வைக்கிறது எண்டது ஒப்பந்தத்திலயே இருக்கணும். இல்லாட்டி ஒவ்வொரு பிராக்கெற்றுக்கும் கடிதம் எழுதிக்கொண்டு இருப்பீங்க.

வகை கூட்டுறதும் ஆபத்து. மலேசியா துருக்கியின்ர பார்ஸ் வடிவத்தை வச்சு ஜெம்பித்தாவை பகாங்கில செய்தது: 257 வாகனம், 12 வகை. சராசரியா ஒரு வகைக்கு 21. ஒவ்வொண்டுக்கும் வேற ஜிக் (ஒட்டேக்க பாகத்தைப் பிடிச்சு வைக்கிற சட்டம்), வேற வயரிங், வேற உதிரிப்பாகப் பட்டியல். என்ர அபிப்பிராயத்தில சின்ன நாட்டுக்கு மூண்டு வகைக்கு மேல கூடாது.

உள்ளூர் நிறுவனத்தின்ர பணப்பையையும் பாருங்க. தென்னாபிரிக்கா 2007இல அதே பட்ரியா வாகனத்தை எடுத்தது. அதைச் செய்ய எடுத்த அரச ஆயுத நிறுவனம் டெனெல் பண நெருக்கடியில விழுந்தது, பத்து வருசம் தாண்டியும் தொடர் உற்பத்தி ஓடேல்ல. பங்காளியில குறையில்லை.

தகட்டுக்காரன்

வாவிக்கரை அண்ணன் சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். உடற்கூடு ஒட்டி முடிஞ்சாப் போல அளவு வராது. ஒட்டின பக்கம் இழுத்துக் கோணும். அதுக்குத்தான் சுழலுற பெரிய ஜிக்; எல்லா ஒட்டும் கீழ்நோக்கிப் போடலாம், இடம் வலம் மாத்தி மாத்தி ஓட்டலாம். சஸ்பென்சன் துளைகளை ஒட்டின பிறகு, ஒரே இருப்பில, பெரிய துளைப்பு மெஷினில எடுக்கணும். ரெண்டு தரம் இறக்கி ஏத்தினா அச்சுகள் ஒண்டுக்கொண்டு நேர் வராது. பிரித்தானியாவின்ர அஜாக்ஸ் வாகனங்கள் இரைச்சலாலயும் அதிர்வாலயும் நிப்பாட்டுப்பட்டது தெரியும்தானே. 2021 டிசம்பரில வந்த அரச அறிக்கை ஒட்டின்ர தரம், வயர் ஓடின விதம் எண்டு தயாரிப்புக் குறைகளையும் சொல்லுது.

கல்லடி_கராஜ்

இந்தத் தலைப்பை நம்ம பக்கம் எடுத்தா சனத்துக்கு பவல்தான் (இராணுவத்தின்ர பஃபெல் கவச வாகனம்) ஞாபகம் வரும். அது வேற கதை. ஆனா தம்பிட அறிக்கைக்கு ஆகக் கிட்டின உதாரணமும் அதுதான். தென்னாபிரிக்க பஃபெல், யூனிமொக் சட்டகத்தில ஏத்தின வி வடிவ உடற்கூடு. இலங்கை இராணுவத்தின்ர மின், இயந்திரப் பொறியியற் படையணி அதைப் பார்த்து யுனிகோன் செய்து, பிறகு யுனிபஃபெல் செய்தது. ஏலுமாயிருந்ததுக்குக் காரணம், ஓடுற பாகம் எல்லாம் லொறிப் பாகம். சுடுகோபுரம் பூட்டின எட்டுச் சில்லு வாகனத்துக்கு இந்தக் கணக்குச் சரிவராது.

வி வடிவத்தின்ர அடிமுனையில ஒட்டு வைக்கக்கூடாது. ஒரே தகட்டை மடிச்செடுக்கணும், வெடியின்ர முழு அடியும் அந்த வரியிலதான். உருட்டின திசைக்கு நேர் சமாந்தரமா மடிச்சா பிளக்கும், குறுக்கா மடிக்கணும்.

ஸ்டனாக் 4569 எண்ட நேட்டோத் தரத்தில கண்ணிவெடிக்கு 2ஆம் மட்டம் 6 கிலோ வெடிமருந்து, 3ஆம் மட்டம் 8, 4ஆம் மட்டம் 10; சில்லுக்குக் கீழயும் வயித்துக்குக் கீழயும் தனித்தனி. அடித்தகடு பிளக்காட்டிப் போதும் எண்டு நினைக்காதீங்க. உள்ள இருக்கிற அளவுப் பொம்மையின்ர கீழ்க்காலில 5.4 கிலோநியூட்டன் தாண்டினாலே தோல்வி. அதால இருக்கை தரையில பூட்டுறதில்லை, கூரையிலயோ பக்கத்திலயோ தொங்கும். காலும் தனிப் பலகையில. தரையில போல்ற் போட்ட ஒரு தீயணைப்பு உருளை போதும், உள்ளுக்குள்ள எறிகுண்டாகிடும்.

ஒலுவில்_மாணவன்

ஜஸாக்கல்லாஹ், எல்லாருக்கும் நன்றி. தகட்டுக்காரன் நானா, அறிக்கைக்குச் சின்னதா ஒரு ஒட்டுப் பரிசோதனை வைக்கலாமா? கவசத் தகடு இங்க வாங்க ஏலாதுதானே.

தகட்டுக்காரன்

ஏலும். கல் குவாரி, எக்ஸ்கவேற்றர் பக்கெற்றுக்குப் போடுற 400–500 பிரினெல் தேய்வுத் தகடு எடுங்க, ஹார்டொக்ஸ் வகை. ஒட்டுற குணம் கிட்டத்தட்ட ஒண்டு. குண்டுக்குச் சான்றிதழ் இல்லை, அதை அறிக்கையில தெளிவா எழுதுங்க.

12 மி.மீ. தகட்டில 200க்கு 150 துண்டுகள். நடுவில 80 மி.மீ. நீளத்துக்கு வை வடிவப் பள்ளம், அடியில 2 மி.மீ. இடைவெளி. ரெண்டு அந்தத்திலயும் 60 மி.மீ. முதல்ல முழுசா ஒட்டி இறுக்குங்க. அது நல்லா ஆறின பிறகு நடுவில ஒரே ஒரு ஒட்டு, நிறுத்தாம. நாலு வகையாச் செய்யுங்க: சூட்டுப்பெட்டி றொட், ஒரு இரவு வெளியில கிடந்த றொட், ரெண்டையும் முன்சூடு இல்லாமலும் 100 பாகை முன்சூட்டோடயும். ஒவ்வொண்டிலயும் மூண்டு துண்டு, மொத்தம் 12. ஒட்டின நேரம், அந்த நேரத்து ஈரப்பதம் ரெண்டையும் துண்டிலயே எழுதுங்க.

48 மணித்தியாலம் கழிச்சு குறுக்கா அஞ்சு இடத்தில வெட்டி மினுக்கி, வேர்ப்பக்கம் பாருங்க, வெடிப்பு அங்கதான் தொடங்கும். வெட்டுறதுக்கு அங்கிள் கிரைண்டர் வேண்டாம், தண்ணி ஊத்துற அலகு வேணும். கிரைண்டர் சூடு நீங்க அளக்க வந்த கடினத்தையே மாத்திடும். பிறகு விக்கர்ஸ் கடினச் சோதனை, 10 கிலோ பாரத்தில, ஒட்டு நடுவிலிருந்து 1 மி.மீ. இடைவெளியில 20 புள்ளி. சூடு படாத மூலத் தகட்டின்ர கடினம் திரும்ப வாற புள்ளி எத்தினையாவது மி.மீ. எண்டதை வரைபில குறிச்சு இங்க போடுங்க, பார்ப்பம்.